பள்ளிச் சேர்க்கையில் குடும்பங்களுக்கு வழிகாட்டுவதைத் தொழிலாகக் கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் ‘எந்தப் பள்ளி நல்ல பள்ளி’ என்று சொல்வது இந்த வேலையில் சிறு பங்குதான். தமிழ்நாட்டை எடுத்துக்கொண்டால், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவு, சிறுபான்மையினர் அல்லாத தனியார் சுயநிதிப் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிவுற்ற, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்குகிறது. அந்த இடம் ஒரு பிள்ளையைச் சென்றடையும் வரையுள்ள நடைமுறையே உங்கள் களம்.

அதில் பெரும்பகுதி காகித வேலை என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. வருமானச் சான்றில் ‘செல்வி’ என்றும் பிறப்புச் சான்றில் ‘தமிழ்ச்செல்வி’ என்றும் தாயின் பெயர் இருந்தால், இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைந்து அதைத் திருத்துவதற்குள் விண்ணப்பக் கெடு முடிந்துவிடக்கூடும் என்பதால், சேர்க்கை அறிவிப்பு வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வீடுவீடாகச் சென்று சான்றுகளைச் சரிபார்ப்பவரே இத்தொழிலில் திறமையானவர். இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் நடக்கும் குலுக்கலில் பெயர் வந்த பின்னரும் சீருடை, புத்தகம், வேன் என்று பணம் கேட்கப்படும்போது, பெற்றோருடன் சென்று எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்பதும் உங்கள் பொறுப்பே.

சமூகப்பணியிலோ சட்டத்திலோ பட்டம் இருந்தால் தொண்டு நிறுவனங்களில் நுழைவது எளிது. ஊதியம், வெளிப்படையாகச் சொன்னால், தொடக்கத்தில் குறைவுதான். அருகிலுள்ள அரசுப் பள்ளியே அந்தப் பிள்ளைக்குப் பொருத்தமானது என்று தோன்றினால், அதைத் தயங்காமல் பெற்றோரிடம் சொல்லும் நேர்மையை நான் பட்டத்துக்கும் மேலாக மதிக்கிறேன்.