போ ஆற்றுச் சமவெளியில் ஐந்து நாள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் இரண்டு தம்பதிகள், ஐம்பதைத் தாண்டியவர்கள். வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் ஐந்து நாள் நிதானமாக ஊர் பார்த்து, நல்ல சாப்பாடு சாப்பிட ஆசை. பார்மா, மோதெனா, மாந்துவா, ஃபெராரா, பொலோனா என்று இரவுக்கு ஓர் ஊராகப் போட்டிருக்கிறோம். ஒரு ஜோடி சைவம். திட்டம் சரிவருமா?

ரா.

அன்புள்ள ரா.,

சரிவராது. தினமும் காலையில் பெட்டி கட்டுவீர்கள். மதியம் அடுத்த விடுதியில் அறைக்காகக் காத்திருப்பீர்கள். அந்தச் சமவெளியில் பார்க்கவேண்டிய வேலைகள் நடப்பதோ காலையில்தான். ஃபெராராவையும் பொலோனாவையும் விட்டுவிடுங்கள். பார்மாவுக்கு வடமேற்கே ஃபொன்தனெல்லாத்தோ பக்கம் 'அக்ரித்தூரிஸ்மோ' எனப்படும் பண்ணை விடுதி ஒன்றில் எல்லா இரவும் தங்குங்கள். இரவுச் சாப்பாடு உண்டா என்று பதிவுசெய்யும்போதே கேளுங்கள். பல இடங்களில் முன்கூட்டிச் சொன்னால்தான் சமைப்பார்கள்.

ஒரு காலையை பார்மிஜானோ சீஸ் கூடத்துக்குக் கொடுங்கள். முன்பதிவு செய்து, எட்டரைக்குள் போய்விட வேண்டும். முந்தைய மாலைப் பாலை இரவெல்லாம் வைத்து ஆடை நீக்கி, காலைப் பாலோடு செப்புக் கொப்பரையில் சேர்ப்பார்கள். திரிந்ததைப் பொடியாக உடைத்து 55 டிகிரி வரை சூடேற்றுவார்கள். அடியில் படிந்த திரளைத் துணியில் ஏந்தித் தூக்கி இரண்டாக வெட்டுவதுதான் காட்சி. பதினோரு மணிக்குப் போனால் கொப்பரை கழுவுவதைப் பார்க்கலாம். சக்கர வடிவ சீஸ் ஒன்றுக்குச் சுமார் 550 லிட்டர் பால். முதிர்ச்சி குறைந்தது 12 மாதம்.

சைவ ஜோடி கவனிக்க: பாலைத் திரிக்கச் சேர்ப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். பூசணி அடைத்த தோர்தெல்லி என்ற பாஸ்தாவிலும், கீரை அடைத்ததிலும் இதே சீஸ்தான் கலந்திருக்கும். சாப்பிடுவதா, இல்லையா என்று இங்கேயே முடிவெடுத்துவிடுங்கள். அங்கே போய் மேசையில் விவாதித்தால் நால்வர் சாப்பாடும் கெடும்.

மோதெனாவில் பாரம்பரிய பால்சமிக்கோ வினிகர் பீப்பாய்கள் பரணில் இருக்கும். கோடையின் வெக்கையும் குளிர்காலத்தின் நடுக்கமும் சேர்ந்துதான் அதை முதிரவைக்கின்றன. குறைந்தது 12 ஆண்டு. மாந்துவா அரண்மனையில் ஓவியர் மந்தேன்யா சுவரோவியம் தீட்டி 1474-இல் முடித்த 'தம்பதியர் அறை'க்கு முன்பதிவு செய்யுங்கள், திங்கட்கிழமை வேண்டாம். மிச்சப் பிற்பகல்கள் காலியாகவே இருக்கட்டும்.

மே அல்லது செப்டம்பர் நல்லது. ஆகஸ்டில் புழுக்கம், கொசு, பூட்டிய உணவகங்கள். மதியச் சமையலறை இரண்டு, இரண்டரைக்கு மூடினால் திறக்க ஏழரை ஆகும். காருக்கு நம் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். பழைய நகர மையங்களில் அனுமதியில்லாத கார்களைக் கேமரா பிடித்துவிடும். அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.