அமெரிக்க சென்சஸில் இரண்டு இனம் குறிக்கும் உரிமையை ரிபப்ளிகன் கட்சிதான் வாங்கித் தந்ததாமே, உண்மையா? என் பையனுக்கு எதைக் குறிப்பது?

கால்வாசி உண்மை. உங்கள் கணவர் வெள்ளைக்காரர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் கணவர் கறுப்பர், வீடு ஜார்ஜியாவில். இந்தக் கூத்தைப் பக்கத்திலிருந்தே பார்த்தவள் நான்.

1992இல் மகளைக் கிண்டர்கார்டனில் சேர்க்கப் போனேன். படிவத்தில் ஒரே ஒரு இனத்தைத்தான் டிக் அடிக்கலாம். இனக் கணக்கு பற்றி 1977இல் மத்திய அரசு போட்ட 15ஆம் எண் உத்தரவை ஒட்டி வந்த வழக்கம். நான் ஆசியர், கறுப்பர் இரண்டையும் அடித்துக் கொடுத்தேன். ஆபீஸ் அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மகளை ஒரு பார்வை பார்த்தார். வெள்ளை மையை எடுத்து ஆசியர் கட்டத்தின் மேல் பூசி, ஊதிக் காயவைத்து, ஃபைலில் சொருகிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருஷம் எங்கள் மாநிலத்திலிருந்தே சூசன் கிரஹாம் என்ற வெள்ளைக்காரத் தாய், அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் போய்ப் பேசினார். தன் பையன் சென்சஸில் வெள்ளை, பள்ளியில் கறுப்பு, வீட்டில் கலப்பு என்று அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்தது. அவருடைய 'ப்ராஜெக்ட் ரேஸ்' அமைப்பு கேட்டது 'பல இனத்தவர்' என்ற தனிக் கட்டம். 1994இல் ஜார்ஜியா பள்ளிப் படிவங்களுக்கு அதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. அப்போது கவர்னரும் டெமாக்ரட், சட்டசபையும் அவர்கள் கையில். இதை வாட்ஸ்அப் பண்டிதர்கள் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் மாமியார் பிடி கொடுக்கவே இல்லை. கறுப்பர் உரிமைக்குப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் பழைய ஆள். 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு முன்னால் ஓட்டுப் பதியப் போய் விரட்டப்பட்டவர். "தனிக் கட்டம் போட்டால் எங்கள் தலைக்கணக்கு குறையும். அந்தக் கணக்கை வைத்துத்தான் தொகுதி பிரிக்கிறான், அதை வைத்துத்தான் கோர்ட்டில் கேஸ் நிற்கிறது" என்பார். அனுபவப்பட்டவரிடம் என்ன வாதாடுவது?

பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்து ரிபப்ளிகன் நியூட் கிங்ரிச் நாடாளுமன்றக் கீழ்ச்சபையின் சபாநாயகராகி, 1997இல் தனிக் கட்டத்துக்கு ஆதரவாகக் கிளம்பினார். அதே கட்சி எம்.பி. தாமஸ் பெட்ரி கொண்டுவந்த மசோதாவுக்கு, கலப்பினத்துக் கோல்ஃப் வீரர் பெயரில் 'டைகர் வுட்ஸ் மசோதா' என்றே பெயர் வந்தது. இட ஒதுக்கீடு மாதிரியான சலுகைகளை ஒழிக்க நினைத்தவர்களுக்கு, இனக் கணக்கே குழம்பினால் லாபம்தானே. "உனக்கு யார் கொடி பிடிக்கிறான் பார்த்தாயா?" என்றார் மாமியார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி.

மசோதா நிறைவேறவில்லை. அதே வருஷம் அக்டோபர் 30இல், டெமாக்ரட் அதிபர் கிளின்டன் அரசின் பட்ஜெட் அலுவலகம் தனிக் கட்டம் கிடையாது, எத்தனை இனம் வேண்டுமானாலும் குறிக்கலாம் என்று முடிவு சொன்னது. கிரஹாம் கோஷ்டிக்கு அது கசந்தது. ஏ.எம்.இ.ஏ., ஹாப்பா இஷ்யூஸ் ஃபோரம் போன்ற கலப்பினத்தார் அமைப்புகளும் ஜப்பானிய அமெரிக்கர்களின் ஜே.ஏ.சி.எல்.லும் இதைத்தான் ஆதரித்தன. 2000 மார்ச்சில் இன்னொரு உத்தரவு: வெள்ளையோடு ஒரு சிறுபான்மை இனத்தையும் குறித்தால், சிவில் உரிமைச் சட்டங்களுக்கு அவர் சிறுபான்மைக் கணக்கில்தான் வருவார் என்றது. மாமியாரின் பயத்துக்கு மருந்து இதுதான்.

நான் டெமாக்ரட் ஏஜென்ட் இல்லை, கமென்ட்டில் கம்பு சுற்ற வேண்டாம். என்.ஏ.ஏ.சி.பி.யும் அர்பன் லீக் என்ற இன்னொரு கறுப்பர் அமைப்பும் தனிக் கட்டத்தை எவ்வளவு எதிர்த்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

2000இல் 68 லட்சம் பேர் ஒன்றுக்கு மேல் குறித்தார்கள், 2020இல் 3.38 கோடி, நூற்றுக்குப் பத்து. கணக்கெடுக்கும் முறை மாறியதாலும் ஏறிய எண் அது.

என் வயிற்றெரிச்சல் வேறு. இங்கே தமிழ்ச் சங்கப் பொங்கலில் என் மகள் தலையைத் தொட்டு "முடி ஏம்மா இப்படி, எண்ணெய் வைக்கறதில்லையா?" என்று கேட்ட மாமிகள், 2024இல் கமலா ஹாரிஸ் படத்தைப் போட்டு "நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்தி" என்று ஃபார்வர்டு அனுப்பினார்கள். அவருடைய அப்பா ஜமைக்காக்காரர் என்பது ஒரு ஃபார்வர்டிலும் இல்லை.

உங்கள் பையனுக்கு வெள்ளை, ஆசிய இந்தியர் இரண்டையும் அடியுங்கள். வளர்ந்த பிறகு அவன் இஷ்டம். ஒபாமா 2010இல் கறுப்பர் என்று மட்டும்தான் குறித்தார். என் மகளும் 2020இல் அதையே செய்தாள். அதற்கு நான் போட்ட சண்டை தனிக் கதை.