பாட்டுக்குள் இருந்த ஊர்

கேள்வி: மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்பவரின் பாட்டு ஒன்றைத் தற்செயலாகக் கேட்டேன். ஒரே கிதார்தான் என்கிறார்கள். என் காதுக்கோ இருவர் சேர்ந்து வாசிப்பதுபோல் இருக்கிறது. இவர் யார்? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. ஹர்ட்டின் கட்டைவிரல் தடித்த தந்திகளை மாறி மாறித் தட்டி, நடை பிசகாமல் தாளம் போட்டுக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டைத் தனியே வாசிக்கின்றன. இந்தக் கைப்பழக்கத்தை அவர் சிறு வயதில் தாமாகவே கற்றுக்கொண்டார்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் அவலான் என்ற சிற்றூரில் வயல் வேலை செய்து வாழ்ந்தவர் அவர். 1928இல் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனம் அவரை மெம்ஃபிஸுக்கும் நியூயார்க்குக்கும் வரவழைத்துப் பதிவு செய்தது. தட்டுகள் அதிகம் விற்கவில்லை. அடுத்த ஆண்டே பொருளாதாரப் பெருமந்தமும் தொடங்கிவிட, அவர் வயலிலேயே தங்கிவிட்டார். ஆனால் நியூயார்க்கில் பாடிய ஒரு பாட்டில், அவலான்தான் தம் சொந்த ஊர் என்றும், அது எப்போதும் தம் நினைவில் இருக்கிறது என்றும் பாடியிருந்தார். 1952இல் ஹாரி ஸ்மித் தொகுத்த நாட்டுப்புற இசைத் தொகுப்பில் ஹர்ட்டின் இரண்டு பாடல்கள் இடம்பெற்றதால் அவர் பெயர் இளைஞர்களிடையே பரவியது. 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இசை ஆர்வலர் அவலானைச் சொன்ன அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பழைய நிலப்படத்தில் அவலானைத் தேடிக் கண்டுபிடித்து, நேரே அங்கு போனார். எழுபது வயதை ஒட்டிய ஹர்ட் அங்கேதான் இருந்தார். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடினார். 1966 நவம்பரில் காலமாகும்வரை கிடைத்த அந்த மூன்று ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் துயரமும் சேர்ந்தே வருகின்றன.

1928 பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றில் 'லூயிஸ் காலின்ஸ்' என்ற பாட்டை முதலில் கேளுங்கள். கொலையுண்ட ஒருவனையும் அழும் அவன் தாயையும் பற்றிய அந்தப் பாட்டை, ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை என்றதும் நாம் எதிர்பார்க்கும் கதறல் ஏதுமின்றி, தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாதே என்பதுபோல் தணிந்த குரலில் பாடுகிறார். அந்தத் தணிவுதான் என்னை அவரிடம் கட்டிப்போட்டது. பிறகு, 1966இல் வேன்கார்ட் நிறுவனம் வெளியிட்ட 'டுடே' தொகுப்பில் அதே பாட்டைக் கேளுங்கள். குரலில் முதுமை தெரியும். கட்டைவிரலின் நடை மட்டும் அப்படியே இருக்கும்.