பொருளாதாரப் போராட்டக்காரர்கள் எல்லாரும் இடதுசாரிகளா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2008-இல் வங்கிகளைக் காப்பாற்ற அமெரிக்க அரசு 70,000 கோடி டாலர் ஒதுக்கியது. அதனால் எழுந்த கோபம் வலது, இடது என இரண்டு திசையில் வெடித்தது. 2009-இல் கிளம்பிய டீ பார்ட்டி என்ற வலதுசாரி இயக்கம், அரசு செலவையும் வரியையும் குறைக்கச் சொன்னது. 2011-இல் நியூயார்க் பூங்காவில் கூடாரம் போட்ட ஆக்குபை இயக்கம், 'நாங்கள் 99 சதவீதம்' என்று பெரும்பணக்காரர்களைச் சாடியது.

பிரான்சின் மஞ்சள் அங்கிக்காரர்களை எந்தப் பக்கத்திலும் அடைக்க முடியாது. 2018 நவம்பரில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து, சட்டப்படி காரில் வைத்திருக்க வேண்டிய அங்கியையே மாட்டிக்கொண்டு ரவுண்டானாக்களை மறித்தார்கள். டிசம்பரிலேயே அந்த உயர்வு கைவிடப்பட்டது, கூட்டமோ கலையவில்லை. பணக்காரர்கள் மீதிருந்து ரத்தான செல்வ வரி மீண்டும் வேண்டும், மக்கள் கோரினால் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்றார்கள். பரம ஏழைகளைவிட, உழைத்தும் மாதக் கடைசியில் பணம் போதாமல் திண்டாடுகிறவர்களே அங்கே அதிகம். என்னைக் கேட்டால், பணத்தட்டுப்பாட்டோடு 'நம்மை யாரும் மதிப்பதில்லை' என்ற எரிச்சலும் சேர்ந்ததால்தான் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.