அழுத்தித் தேய்த்தால் கூசும்

கேள்வி: டாக்டர், குளிர்ந்த மோர் பட்டாலே மேல்வரிசை இடப்பக்கப் பற்கள் சுரீரென்று கூசுகின்றன. தினமும் மூன்று வேளை அழுத்தித் தேய்க்கிறேன். சொத்தையும் இல்லை. பிறகு ஏன்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்த மூன்று வேளைதான் எனக்கு உறுத்துகிறது! நீங்கள் வலது கையால் தேய்ப்பவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் பிரஷ் அதிகம் அழுந்தும். நாளடைவில் ஈறு விலகி வேர் வெளியே தெரியும். வேருக்குப் பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமலின் காப்பு கிடையாது. அங்குள்ள டென்டின் என்ற உள்ளடுக்கில் ஏராளமான நுண்குழாய்கள் உண்டு. குளிர்ச்சி பட்டதும் அவற்றிலுள்ள திரவம் அசைந்து நரம்பைச் சீண்டுகிறது.

மென்மையான பிரஷ்ஷால் இரு வேளை போதும். 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசை வாங்குங்கள். பலன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம். மூன்றாம் நாளே அலுத்துக்கொள்ளாதீர்கள். தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், கொப்பளித்து மருந்தைக் கழுவிவிட வேண்டாம். எலுமிச்சைச் சாறு குடித்த அரை மணி நேரத்துக்கு பிரஷ்ஷைத் தொடாதீர்கள். அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும். கரித்தூளைப் பரிந்துரைக்கும் உறவினருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

ஒரே பல் மட்டும் வலித்து, குளிர்ச்சி போன பின்னும் வலி நீடித்தால் பல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.