வாசகர் கேள்வி–பதில்: கரடி உலவும் மலைகளில் கைத்துப்பாக்கி

கேள்வி: நான் சியாட்டிலில் ஹெச்-1பி விசாவில் மென்பொருள் பணியில் இருக்கிறேன். வரும் ஆகஸ்டில் நண்பர்கள் மூவருடன் அலாஸ்காவின் தெனாலி தேசியப் பூங்காவிலும், அதன்பின் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவிலும் சில நாட்கள் நடக்கத் திட்டமிட்டுள்ளோம். இரண்டு இடங்களிலும் கிரிஸ்லி கரடிகள் உண்டு. உடன் பணிபுரியும் அமெரிக்க நண்பர் ஒருவர் .44 மேக்னம் ரிவால்வர் வாங்கச் சொல்கிறார்; இன்னொருவர் 10 மி.மீ. கிளாக் பிஸ்டல்தான் நல்லது என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: எந்தத் துப்பாக்கி என்று பார்ப்பதற்கு முன்னால் உங்கள் விசாவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஹெச்-1பி அந்த வகைக்குள்தான் வருகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், மாநிலச் சட்டங்கள் அதற்கு மேலும் நிபந்தனைகள் விதிக்கக்கூடும். இந்தக் குற்றத்திற்கான அதிகபட்சத் தண்டனை 2022 முதல் 15 ஆண்டுச் சிறை. குடியேற்ற நிலைக்கு நேரும் பாதிப்பு வேறு. “வாங்கினால்தானே தவறு, நண்பருடையதைச் சுமந்தால் என்ன?” என்ற எண்ணமும் வேண்டாம், ஏனெனில் சட்டம் பார்ப்பது துப்பாக்கி யார் கைவசம் இருக்கிறது என்பதைத்தான். ஆகவே துப்பாக்கி சட்டமும் குடியேற்றச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள், இரவலும் பெறாதீர்கள்.

உங்கள் குழுவில் அமெரிக்கக் குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ளவர் இருந்தால், அவர் சட்டப்படி ஒன்றை எடுத்துவரலாம். 21 வயது நிறைந்தவருக்கே உரிமம் பெற்ற கடைகள் கைத்துப்பாக்கி விற்கும். அதையும் அவர் தாம் வசிக்கும் மாநிலத்தில்தான் வாங்க முடியும் என்பதால், அலாஸ்காவில் இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் நினைக்க வேண்டாம். 2010 பிப்ரவரி முதல் தேசியப் பூங்காக்களுக்குள் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனால் பார்வையாளர் மையம் முதலான அரசுக் கட்டடங்களுக்குள் அதற்கு அனுமதியில்லை.

இனி, அந்த நண்பருக்காக உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனிதரிடமிருந்து தற்காத்துக்கொள்ளும் கைத்துப்பாக்கியிலும் கரடிக்கான கைத்துப்பாக்கியிலும் வேண்டப்படுவது ஒன்றல்ல. முன்னதில் உடலுக்குள் விரியும் தோட்டாவைப் போடுவார்கள். கிரிஸ்லியின் தடித்த தோல், கொழுப்பு, தோள் தசை, எலும்பு ஆகியவற்றைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்றால், விரியாத, கனமான, தட்டை மூக்குடைய கடின ஈயத் தோட்டாவோ முழுச் செம்புத் தோட்டாவோதான் பொருத்தம். ஊடுருவும் ஆழத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அப்படியும் .44 மேக்னத்தின் ஆற்றல், சாதாரண .30-06 வேட்டை ரைஃபிளினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கைத்துப்பாக்கியைச் சுமப்பதற்குக் காரணம் அதன் வலிமையன்று. இரண்டு கைகளாலும் வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போதும் அது உடம்போடு இருக்கும் என்பதுதான்.

தோட்டாக்களைச் சுழலும் உருளையில் வைத்திருக்கும் ரிவால்வரா, பிடிக்குள் செருகும் பெட்டியில் வைத்திருக்கும் பிஸ்டலா என்றால், இரண்டு நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. .44 மேக்னம் 1950களின் நடுவில் வந்தது. அலாஸ்காவில் இன்றும் பலர் அதையே நம்புகிறார்கள். பெரும்பாலும் ஆறு தோட்டாக்கள்தான். ஆனால் கரடி மேலே விழுந்துவிட்ட நிலையில், அதன் உடம்போடு அழுத்திச் சுட்டாலும் ரிவால்வர் வேலை செய்யும். பிஸ்டலோ, அப்படி அழுத்தும்போது மேற்பகுதி பின்னே தள்ளப்பட்டு வெடிக்காமல் போகலாம், ஒற்றைக் கையால் தளர்வாகப் பிடித்துச் சுட்டால் அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளவும் கூடும். மறுபுறம் கிளாக் 20 பிஸ்டலில் 15 தோட்டாக்கள் உண்டு, உதைப்பும் குறைவு, அதனால் இரண்டாவது, மூன்றாவது குண்டுகள் விரைவாகவும் நேராகவும் போகும். கிரீன்லாந்தில் நாய்வண்டிகளில் ரோந்து செல்லும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர், பனிக்கரடிக்கு எதிராக இந்த 10 மி.மீ. பிஸ்டலையே எடுத்துச் செல்கிறார்கள்.

எடையைக் குறைக்கிறேன் என்று பலர் செய்யும் ஒரு தேர்வை நான் கடுமையாக மறுக்கிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 329 போன்ற, ஏறத்தாழ 700 கிராமே எடையுள்ள .44 மேக்னம் ரிவால்வர்கள் இடுப்பில் இருப்பதே தெரியாது. முழு வேகத் தோட்டாவைச் சுட்டதும் கை நடுங்கும். ஒருமுறை சுட்டவர் மறுமுறை பயிற்சிக்குப் போக மாட்டார், அதனால் ஆபத்து வரும் நாளில் அவருக்குப் பழக்கமே இருக்காது. .44 மேக்னத்தைவிட வலிய தோட்டாக்களான .454 கசூல், .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகியவற்றைச் சுடும் ரிவால்வர்களுக்கும் இதே குறை, இன்னும் அதிகமாக. நான்கு அங்குலக் குழலும் 1.2 கிலோ அளவுக்கு எடையும் உள்ள எஃகு .44 ரிவால்வர், விசையை இழுத்தாலே சுத்தியும் தானாக எழுந்து விழும் வகை, சுடுதளத்தில் விடாமல் பழகியவருக்கு ஏற்றது என்பது என் கருத்து. அந்த உதைப்பைத் தாங்க முடியாதவர் 10 மி.மீ. எடுக்கட்டும். வலிய தோட்டா தவறிப்போவதைவிட, சற்றே மெலிய தோட்டா இலக்கில் விழுவது மேல்.

எதை எடுத்தாலும் உறை மார்பில் இருக்க வேண்டும். முதுகுப்பையின் இடுப்புப் பட்டை, இடுப்பு உறையை மறைத்துவிடும். பைக்குள் வைத்த துப்பாக்கியோ இல்லாததற்குச் சமம். கிரிஸ்லி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. புதருக்குப் பின்னால் 30 மீட்டரில் அது கிளம்பினால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு விநாடி.

அந்த இரண்டு விநாடியை நினைத்துத்தான், உங்கள் நால்வருக்கும் நான் முதலில் சொல்வது கரடி ஸ்ப்ரே. மிளகாயின் காரச் சத்தை ஏழெட்டு மீட்டர் தூரத்துக்கு மேகமாகப் பீய்ச்சும் இந்தக் குப்பியை விசாவைப் பற்றிய கவலையின்றி நீங்களே வைத்திருக்கலாம். துல்லியமாகக் குறிபார்க்கவும் வேண்டாம். உங்களுக்கும் கரடிக்கும் நடுவில், சற்றுத் தாழ்வாகப் பீய்ச்சினால் போதும். டாம் ஸ்மித்தும் ஸ்டீஃபன் ஹெரேரோவும் சக ஆய்வாளர்களும் அலாஸ்காவின் 83 நிகழ்வுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஸ்ப்ரே பழுப்புக் கரடிகளை (கிரிஸ்லியும் இந்த இனம்தான்) 92 விழுக்காடு தடுத்து நிறுத்தியது. நெருங்கிய மோதல்களில் அதைப் பயன்படுத்தியவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினர். அதே குழு 2012இல் 269 துப்பாக்கி நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, கைத்துப்பாக்கிகள் 84 விழுக்காடும் நீள்துப்பாக்கிகள் 76 விழுக்காடும் பலித்தன என்று கண்டது. துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயம்படும் அளவில் வேறுபாடு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. இந்த இரண்டு ஆய்வுகளின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியாகாது, ஏனென்றால் ஸ்ப்ரே நிகழ்வுகளில் பலவற்றில் கரடி தாக்க வரவில்லை, உணவுக்காகவோ ஆர்வத்தாலோ நெருங்கியது. அப்படியிருந்தும், பயிற்சி குறைந்த நால்வர் குழுவுக்கு எது உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எதிர்க்காற்றில் ஸ்ப்ரே உங்கள் முகத்திலேயே படலாம் என்ற குறை உண்மை. சுடத் தெரிந்த நண்பர் உடன் இருந்தால் அவர் இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். பயணிகள் விமானத்தில் கைப்பையிலோ சரக்குப் பெட்டியிலோ ஸ்ப்ரேக்கு இடமில்லை. போய்ச் சேரும் ஊரில் வாங்குங்கள்.

சுட்ட பிறகு வருவதையும் அந்த நண்பர் அறிந்திருக்க வேண்டும். அலாஸ்காவில் உயிர்காக்கக் கரடியைக் கொன்றால், நகங்களோடு தோலை உரித்து, மண்டையோட்டையும் எடுத்து மாநில வனவிலங்குத் துறையிடம் ஒப்படைத்து, அறிக்கையும் தர வேண்டும். உணவைக் கவனக்குறைவாக வைத்து நீங்களே அதை வரவழைத்திருந்தால் அந்தச் சட்டப் பாதுகாப்பு கிடைக்காது. மொன்டானாவில் கிரிஸ்லி 1975 முதல் அருகிவரும் இனமாகக் காக்கப்படுகிறது. தற்காப்புக்காகக் கொல்வது குற்றமில்லை என்றாலும் ஐந்து நாட்களுக்குள் அறிவித்தாக வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அலாஸ்காவில் கரடியைவிட அதிகம் பேரைக் காயப்படுத்துவது மூஸ் மான். காதுகளைப் பின்னால் மடித்து, பிடரி மயிரைச் சிலிர்த்து நின்றால் ஓடி ஒரு மரத்துக்குப் பின்னால் போய்விடுங்கள். கிரிஸ்லியிடம் ஓடக் கூடாது. அது குட்டியைக் காக்கத் தாக்கி உங்கள் மேல் விழுந்துவிட்டால், முதுகுப்பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, பின்கழுத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும்.

கேள்வி: நான் டொராண்டோவில் வசிக்கும் கனடியக் குடிமகன். பான்ஃப், ஜாஸ்பர் பகுதிகளில் நடக்கும்போது கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. காட்டில் கைத்துப்பாக்கி சுமக்கும் அனுமதி கனடாவில் உரிமம் பெற்ற பொறிவைத்துப் பிடிப்போர், ஒதுக்குப்புறங்களில் பணிபுரிவோர் போன்ற சிலருக்கே தரப்பட்டு வந்திருக்கிறது. 2022 அக்டோபர் 21 முதல் தனிநபர்களுக்குக் கைத்துப்பாக்கி விற்பதும் கைமாற்றுவதும் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது. கரடி ஸ்ப்ரேயை அந்தப் பூங்காக்களில் தாராளமாக எடுத்துச் செல்லலாம். மனிதர் மீது பயன்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால் அதே குப்பி சட்டத்தின் கண்ணில் ஆயுதமாகிவிடும். கடைகளில் விற்கும் கரடி மணிகளை நம்ப வேண்டாம். வளைவுகளிலும் ஓடைகளின் அருகிலும் உரக்கப் பேசிக்கொண்டு நடப்பதுதான் கரடிக்கு உங்களை முன்கூட்டியே அறிவிக்கும். குப்பி வாங்கும்போதே, காரம் இல்லாத பயிற்சிக் குப்பி ஒன்றையும் வாங்கி, உறையிலிருந்து எடுத்துப் பாதுகாப்புக் கொக்கியை நீக்கிப் பீய்ச்சுவதை வீட்டுக்கு வெளியே குடும்பத்தில் ஒவ்வொருவரும் பழகுங்கள். குப்பியின் மேல் அச்சிட்ட காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள்.