‘இஃப்’ வந்தால் ‘வில்’ எங்கே போகிறது? ஆங்கில வினைக்காலங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ‘இஃப் இட் வில் ரெயின் டுமாரோ, ஐ வோன்ட் கம்’ என்று எழுதினேன். ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என்று திருத்திவிட்டார்கள். நாளை பெய்யப்போகும் மழைக்கு நிகழ்காலமா?

பதில்: ‘நாளை மழை பெய்தால் வரமாட்டேன்’ என்கிறோம். அதில் ‘பெய்தால்’ காலம் காட்டுவதில்லை. அந்த வேலையை ‘வரமாட்டேன்’ பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்திலும் ‘வோன்ட்’ ஒருமுறை எதிர்காலத்தைச் சொல்லிவிட்டது, போதும். வென், அன்லெஸ், அன்டில், ஆஃப்டர் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்: ‘வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்’.

ஆனால் ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’ என்பது சரி. இங்கே ‘வென்’ நிபந்தனையல்ல, ‘எப்போது’ என்ற கேள்வி. தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு ‘வில்’லை அடிப்பவர்கள் விழுவது இந்த இடத்தில்தான். ‘இஃப் யூ வில் வெயிட் எ மினிட்’ என்று வரவேற்பறையில் கேட்டால் அதுவும் பிழையல்ல. அந்த ‘வில்’ எதிர்காலம் அல்ல. ‘காத்திருக்கச் சம்மதித்தால்’ என்ற பணிவு.

கேள்வி: ‘இஃப் ஐ வேர் யூ’ என்கிறார்கள். ‘ஐ’க்கு ‘வாஸ்’ அல்லவா வரவேண்டும்? பேசுவது இப்போதைய விஷயம், இறந்தகாலம் எதற்கு?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆங்கிலத்தில் இறந்தகால உருவம் எப்போதும் கடந்துபோனதைக் குறிப்பதில்லை. நடப்பிலிருந்து விலகி நிற்பதையும் அதே உருவம்தான் காட்டுகிறது. தேர்தலில் நிற்கும் வேட்பாளர் ‘இஃப் ஐ வின், ஐ வில் பில்ட் எ பிரிட்ஜ்’ என்பார், அவர் ஜெயிக்கக்கூடும். டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுபவர் மனுவே போடவில்லை. அவர் சொல்லவேண்டியது ‘இஃப் ஐ வன், ஐ வுட் பில்ட் டூ’. இருவர் பேசுவதும் வரப்போகும் காலத்தைப் பற்றித்தான், வித்தியாசம் நம்பிக்கையில். ‘ஐ விஷ் ஐ நியூ’, ‘இட்ஸ் டைம் வி வென்ட்’ இரண்டிலும் இதே விலகல். ‘குட் யூ ஹெல்ப் மீ?’ என்ற மரியாதைகூட இந்த வழியில் வந்ததுதான்: நேராகக் கேட்காமல் ஓரடி தள்ளி நின்று கேட்பது.

‘வேர்’ பழைய வழக்கின் மிச்சம். பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ தாராளமாக வருகிறது. தேர்விலும் கடிதத்திலும் ‘வேர்’ எழுதுங்கள்.

கேள்வி: ‘ஐ ஹேவ் சென்ட் த லெட்டர் எஸ்டர்டே’ என்று அலுவலகத்துக்கு எழுதினேன். மேலாளர் சிரித்தார்.

பதில்: சிரித்திருக்க வேண்டாம். ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்று தமிழில் சொல்லலாம் என்பதால் வரும் பிழை இது. ஆங்கிலத்தில் நேற்று, போன வாரம், 2019 என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ கூடாது: ‘ஐ சென்ட் இட் எஸ்டர்டே’. நேரம் சொல்லாவிட்டால் ‘ஐ ஹேவ் சென்ட் இட்’. இதற்குப் பயந்து ‘ஐ ஹேட் சென்ட் இட் எஸ்டர்டே’ என்று எழுதுவது நம் அலுவலகங்களின் தனி வியாதி. இன்னொரு இறந்தகால நிகழ்ச்சிக்கு முன்பே முடிந்தது என்று காட்டத்தான் ‘ஹேட்’: ‘த பஸ் ஹேட் லெஃப்ட் வென் ஐ ரீச்ட் த ஸ்டாண்ட்’.

கேள்வி: ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ சரியா?

பதில்: இல்லை. ‘ஐ ஹேவ்’. சாப்பாடு போன்றவற்றுக்கு ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ என்று சொல்லலாம். அது செயல், உறவு செயலல்ல.

கேள்வி: ‘படித்திருந்தால் தேறியிருப்பேன்’ என்பதை ‘இஃப் ஐ வுட் ஹேவ் ஸ்டடீட்’ என்று தொடங்கலாமா?

பதில்: அமெரிக்கர்கள் சிலரே பேச்சில் அப்படிச் சொல்வார்கள், நீங்கள் எழுதாதீர்கள். ‘இஃப் ஐ ஹேட் ஸ்டடீட், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்’. தமிழோடு அப்படியே பொருந்துகிறது: ‘இருந்தால்’ இடத்தில் ‘ஹேட்’, ‘இருப்பேன்’ இடத்தில் ‘வுட் ஹேவ்’. விளைவு இன்றுவரை நீண்டால் பின்பாதி மட்டும் மாறும்: ‘இஃப் ஐ ஹேட் டேக்கன் தட் ஜாப், ஐ வுட் பி இன் சென்னை நவ்’. முதல், இரண்டாம், மூன்றாம் வகை என்று நிபந்தனைகளைப் பிரித்து மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்தக் கலப்பு வாக்கியம் பிழையாகத் தெரியும். பிழையல்ல, அன்றாடப் பேச்சில் புழங்குவதுதான்.

கேள்வி: பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை மனப்பாடம் செய்யட்டுமா?

பதில்: சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள், உருப்போட வேண்டாம். உருவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆங்கிலத்தில் நிகழ்காலம், இறந்தகாலம் இரண்டுதான் என்பது மொழியியலாளர் பலரின் கணக்கு; ‘வில்’ வெறும் துணைவினை. ‘வில் ஹேவ் பீன் கோயிங்’ உங்களுக்கு வருடத்தில் ஒருமுறை தேவைப்பட்டால் அதிகம். முதலில் ‘சென்ட்’, ‘ஹேவ் சென்ட்’ வித்தியாசத்தில் கை பழகட்டும்.